பூட்டிய மடிக்கணினியும் பதறாத வணிகரும்

(வணிகர்களுக்கு ஒரு பாடம்)



யந்திரம் பழுதாகிக் காரியம் கெடுவது ஒரு வகை. யந்திரம் நல்ல நிலையில் இருந்தும், அதன் வழக்கம் நமக்குத் தெரியாததால் காரியம் கெடுவது மற்றொரு வகை. இரண்டாவது வகை நஷ்டத்தை ஒரு மணி நேரப் படிப்பினால் தவிர்த்துவிடலாம். அதன் பொருட்டே இப்பாடத்தை எழுதுகின்றோம்.

இன்று நம்மில் பலருக்குப் பேரேடும் சிட்டையும் விலைப் பட்டியலும் மடிக்கணினிக்குள் இருக்கின்றன. கடையில் இணையம் இருக்கும்வரை அது சொன்னபடி கேட்கும். அதையே கப்பலடிக்கோ, தோட்டப்புறத்துக்கோ, வெளியூர்க் கண்காட்சிக்கோ எடுத்துச் சென்றால், சில வேளைகளில் வாசற்படியிலேயே நம்மை நிறுத்திவிடுகிறது. "கடவுச்சொல் தவறு" என்கிறது. அல்லது "உங்கள் நிறுவனத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்கிறது. இணையம் இல்லாத இடத்தில் உள்நுழைவு, அதாவது லாகின், ஏன் தடைப்படுகிறது, அதை எவ்வாறு நிவர்த்தி செய்வது என்பதே இங்கு நாம் பார்க்கப்போவது. பெரும்பாலான கடைகளில் புழங்குவது விண்டோஸ் யந்திரமாதலால், அதையே எடுத்துக்கொள்வோம்.

1. நடந்தது யாது?

சிங்கப்பூரில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் வணிகர் ஒருவர் நமக்குச் சொன்ன அனுபவம் இது. அவருடைய கடையில் முதலாளிக்கும் கணக்குப் பார்க்கும் இளைஞருக்கும் ஒரே மடிக்கணினி, ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். ஒருநாள் இரவு கடை அடைத்த பின், "கடவுச்சொல்லை மாற்றிவிடு தம்பி, பழையது பலருக்குத் தெரிந்துவிட்டது" என்று முதலாளியே சொன்னார். இளைஞர் தமது கைப்பேசியிலிருந்து மாற்றினார்; புதியதை ஒரு தாளில் எழிதிக் கொடுத்தார் என்பதோடு நில்லாமல், வாயாலும் சொல்லி உறுதிப்படுத்தினார். மடிக்கணினி அவ்வேளை மூடிக் கிடந்தது.

மறுநாள் காலை முதலாளி மட்டும் மரினா சவுத் படகுத்துறைக்குப் போனார். சாமான்கள் விசைப்படகில் ஏறிவிட்டன. கப்பல் நங்கூரமிட்டு நிற்கிறது, மதியம் புறப்படும். பட்டியலைத் திறக்க மடிக்கணினியை விரித்துப் புதிய சொல்லை அடித்தார். தவறு என்றது. மீண்டும் அடித்தார். தவறு. கடைக்குப் போன் செய்தார்.

"என்னப்பா எழுதிக் கொடுத்தே?"

"நேத்து சொன்னதுதான் முதலாளி. ஒரு எழுத்தும் மாறலே."

"அப்ப ஏன் திறக்கலே? நீ வேறே ஏதோ வெச்சிருக்கே. உன் மனசிலே என்ன இருக்கு?"

இந்தக் கடைசி வார்த்தையைக் கடையில் இருந்த அனைவரும் ஒலிபெருக்கியில் கேட்டார்கள். ஐந்து வருஷம் உண்மையாய் வேலை பார்த்த பிள்ளை அவர். பதில் பேசாமல் போனை வைத்துவிட்டார்.

முதலாளி நினைவில் இருந்தபடி சாமான்களை இறக்கினார். அவசரத்தில் ஆறு மூட்டை அரிசி கையொப்பத்தில் சேராமல் போயிற்று. கப்பல் போய்விட்டது. அரிசியின் விலையை அவர் தாங்கிக்கொள்வார். மாலையில் அந்த இளைஞர், "எனக்குக் கணக்குத் தீர்த்துவிடுங்கள்" என்று வந்து நின்றாரே, அதுதான் பெரிய நஷ்டம்.

இதில் குற்றவாளி யார்? ஒருவருமில்லை. அந்த யந்திரம் கேட்டது பழைய சொல்லை. பழையதை அடித்திருந்தால் ஒரு நொடியில் திறந்திருக்கும். அது ஏன் என்பதை இனிக் காண்போம்.

2. யந்திரம் நம்மை எவ்வாறு அடையாளம் காண்கிறது?

கணினிக்குக் கடவுச்சொல் வைக்கும் வழக்கம் 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் ஏற்பட்டது. பெரிய யந்திரம் ஒன்றைப் பலர் பகிர்ந்து பயன்படுத்த நேர்ந்தபோது, ஒருவருடைய கோப்பை மற்றவர் பார்க்காதிருக்க அவரவருக்கு ஒரு சொல் என்று வைத்தார்கள். "இவர் இன்னார்தானா?" என்ற கேள்விக்கு விடை காண்பதே அன்றும் இன்றும் கடவுச்சொல்லின் வேலை.

அந்த விடையை யந்திரம் எங்கே தேடுகிறது என்பதைப் பொறுத்து, கணக்குகள் மூன்று வகைப்படும்.

முதலாவது, யந்திரத்துக்கே உரிய கணக்கு. இதன் விவரம் அந்த மடிக்கணினிக்குள் மட்டுமே இருக்கிறது. இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதற்குக் கவலையில்லை.

இரண்டாவது, மைக்ரோசாஃப்ட் கணக்கு. மின்னஞ்சல் முகவரியைப் பெயராகக் கொண்டு நுழைவது. சிறு கடைகளில் பெரும்பாலும் இதுவே. இதன் மூல விவரம் மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் செர்வரில் இருக்கிறது.

மூன்றாவது, காரியாலயக் கணக்கு. பெரிய மொத்த வணிக நிலையங்களில் ஒரு செர்வர் வைத்து, எல்லா யந்திரங்களையும் அதன் கீழ் ஒரு டொமைனில் சேர்த்திருப்பார்கள். மூல விவரம் அந்தச் செர்வரில் இருக்கிறது.

இரண்டாவது, மூன்றாவது வகைகளில்தான் சிக்கல் பிறக்கிறது. மூல விவரம் வெளியே இருந்தால், இணையமில்லாத நடுக்கடலில் யந்திரம் யாரைக் கேட்கும்?

பாங்கில் மாதிரிக் கையொப்ப அட்டை என்று ஒன்று உண்டல்லவா? தலைமைக் காரியாலயத்தில் மூல அட்டை. கிளையில் அதன் நகல். செக் வந்தால் கிளைச் சிப்பந்தி தம்மிடமுள்ள நகலோடு ஒப்பிட்டுப் பணம் கொடுக்கிறார். நாம் தலைமைக் காரியாலயத்துக்குச் சென்று கையொப்பத்தை மாற்றிவிட்டு, நகல் அட்டை கிளைக்கு வந்து சேரும் முன் புதிய கையொப்பமிட்ட செக்கைக் கிளையில் நீட்டினால் என்ன ஆகும்? "கையொப்பம் ஒவ்வவில்லை" என்று திருப்பிவிடுவார்கள். சிப்பந்தி நாணயமானவர், கையொப்பமும் உண்மையானதே. நகல் மட்டும் பழையது.

மடிக்கணினியும் இப்படித்தான். இணையத்தோடு ஒருமுறை வெற்றியாக நுழைந்தபோது, அடுத்த முறைக்கு உதவும் என்று ஒரு நகல் அட்டையைத் தனக்குள் எழுதிக்கொள்கிறது. அது கடவுச்சொல்லை அப்படியே எழுதிவைப்பதில்லை. அதிலிருந்து கணக்கிட்டெடுத்த ஒரு சாரத்தையே வைக்கிறது. இணையமில்லாதபோது நாம் அடிக்கும் சொல்லை அந்தச் சாரத்தோடு ஒப்பிட்டுக் கதவைத் திறக்கிறது.

இதிலிருந்து நான்கு உண்மைகள் விளங்கும்.

(அ) ஒரு மடிக்கணினியில் இதுவரை ஒருமுறையும் நுழையாதவர், இணையமில்லாத இடத்தில் முதன்முறையாக நுழைய முடியாது. அவருக்கு அங்கே நகல் அட்டையே இல்லை.

(ஆ) கைப்பேசியிலோ வேறு யந்திரத்திலோ கடவுச்சொல்லை மாற்றினால், இணையத்தைக் காணாத மடிக்கணினி பழைய சொல்லையே கேட்கும்.

(இ) டொமைனில் சேர்ந்த விண்டோஸ் யந்திரம் வழக்கமாக 10 பேருடைய நகல்களை வைத்துக்கொள்ளும். பதினோராவது நபர் நுழைந்தால் மிகப் பழையது அழிந்துபோகும். இந்த எண்ணிக்கையைக் காரியாலயம் 0 முதல் 50 வரை மாற்றலாம். 0 என்று வைத்துவிட்டால் காரியாலயத்துக்கு வெளியே யாருமே நுழைய முடியாது. பலர் கைமாறிப் பயன்படுத்தும் யந்திரங்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

(ஈ) டொமைன் யந்திரத்தில் இந்த நகல் நாளடைவில் தானாகக் காலாவதியாவதில்லை. வேலையை விட்டு நீங்கிய சிப்பந்தியின் கணக்கைச் செர்வரில் நிறுத்திவிட்டாலும், அவர் கையிலுள்ள மடிக்கணினி இணையமில்லாமல் பழைய சொல்லுக்குத் திறக்கும். ஆகவே கணக்கை நிறுத்துவதோடு யந்திரத்தையும் அன்றே வாங்கிவைப்பது அவசியம்.

3. கதவு திறக்காவிடில் வரிசையாகச் செய்ய வேண்டியவை

பதற்றத்தில் அதே சொல்லை முப்பது முறை அடிப்பதால் பயனில்லை. கீழ்க்கண்ட வரிசையில் போக வேண்டும்.

முதற்படி: திரையில் வந்த செய்தியை முழுவதும் படியுங்கள். கைப்பேசியால் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "என்னமோ இங்கிலீஷில் வந்தது" என்றால் உதவி செய்பவர் ஒன்றும் செய்ய இயலாது. "கடவுச்சொல் தவறு" என்பதும் "டொமைன் கிடைக்கவில்லை" என்பதும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு.

இரண்டாம்படி: விசைப்பலகையைப் பாருங்கள். கேப்ஸ் லாக் எரிகிறதா? வலப்புற எண் விசைகளைப் பயன்படுத்துவோர், நம் லாக் அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம்மவர்க்கு மற்றொரு தொல்லையும் உண்டு. தமிழில் தட்டச்சு செய்வதற்காகத் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்திருப்போம். உள்நுழைவுத் திரையின் கீழ் வலது மூலையில் எந்த மொழி நிற்கிறது என்று பார்த்து, ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். ஆங்கிலத்திலும் அமெரிக்க அமைப்பு, பிரிட்டிஷ் அமைப்பு என்று இரண்டு உண்டு. @ குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இவ்விரண்டில் இடம் மாறி நிற்கும். சொல்லில் @ வைத்திருப்பவர்கள் இதனால் ஏமாறுவார்கள். கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் கண் போன்ற அடையாளம் இருந்தால், பக்கத்தில் யாருமில்லாதபோது அதை அழுத்தி, அடித்தது சரியா என்று பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம்படி: யார் பெயரில் நுழைகிறோம் என்று பாருங்கள். திரையில் இருப்பது நேற்று யந்திரத்தை எடுத்தவருடைய பெயராக இருக்கலாம். "வேறு பயனர்" என்பதைத் தேர்ந்து நம் பெயரை அடிக்க வேண்டும். யந்திரத்துக்கே உரிய கணக்கில் நுழைவதானால், பெயருக்கு முன் ஒரு புள்ளியும் பின்சாய்கோடும் இட வேண்டும், அதாவது.\ என்று அடித்துப் பிறகு பெயர். புள்ளிக்கு "இந்த யந்திரம்" என்று பொருள்.

நான்காம்படி: "அண்மையில் சொல்லை மாற்றினோமா?" என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். மாற்றியிருந்தால் பழைய சொல்லை அடித்துப் பாருங்கள். நம் கப்பல் வணிகருக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு படிதான்.

ஐந்தாம்படி: வேறு வழி உண்டா என்று பாருங்கள். கட்டத்தின் கீழுள்ள "உள்நுழையும் வழிகள்" என்பதை அழுத்தினால் பின் எண், விரல்ரேகை, முகம், கடவுச்சொல் ஆகியவற்றில் நாம் முன்பு அமைத்தவை தெரியும். பின் எண் அந்த ஒரு யந்திரத்துக்கே உரியது, வெளியே செல்வதில்லை. ஆகையால் கடவுச்சொல்லை எங்கிருந்து மாற்றினாலும், இணையமில்லாத இடத்தில் பின் எண் பெரும்பாலும் கைகொடுக்கும். மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் படிந்த விரலை ரேகைக் கருவி ஏற்காது, துடைத்துவிட்டு வையுங்கள். பின் எண்ணை மட்டும் கண்டபடி அடிக்கக் கூடாது. பல முறை தவறினால் யந்திரம் சிறிது நேரத்துக்குத் தன்னைப் பூட்டிக்கொள்ளும். மறந்த பின் எண்ணைப் புதிதாக அமைக்க இணையம் தேவை.

ஆறாம்படி: உள்நுழைவுத் திரையிலிருந்தே இணையத்தை இணையுங்கள். கீழ் வலது மூலையில் இணைய அடையாளம் உண்டு. பலருக்கு இது தெரியாது. உள்ளே போன பிறகுதான் வைஃபை என்று நினைக்கிறார்கள். விமானப் பயண நிலை இயங்கிக்கொண்டிருந்தால் அதை அணையுங்கள். ஹோட்டல், விமான நிலையம் ஆகியவற்றின் வைஃபை, தனியாக ஒரு பக்கம் திறந்து ஒப்புதல் கேட்கும். உள்நுழைவுத் திரையில் அந்தப் பக்கம் திறக்காமல் போகலாம். அங்கே நம் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டே உத்தமம். அதுவும் இணையாவிடில், கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து அதன் இணையத்தைக் கொடுக்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு இது போதும். இணையம் கிடைத்ததும் புதிய சொல் ஏற்கும்.

காரியாலய டொமைன் கணக்குக்கு வெறும் இணையம் போதாது. காரியாலயச் செர்வரையே எட்ட வேண்டும். அதற்கான வழி வி.பி.என். என்பது. அது உள்ளே நுழைந்த பிறகே இயங்குமாறு அமைத்திருந்தால், பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். சில காரியாலயங்களில் உள்நுழைவுத் திரையிலேயே வி.பி.என். தொடங்கும் வசதி வைத்திருப்பார்கள். உங்கள் யந்திரத்தில் அது உண்டா என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏழாம்படி: ஒரே ஒரு முறை யந்திரத்தை அணைத்துத் தொடங்குங்கள். பின் எண் கிடைக்கவில்லை என்பது போன்ற சில கோளாறுகள் இதனால் தீரும். தீராவிடில், எடுத்த படத்தை வைத்துக்கொண்டு விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

4. பழைய சொல்லால் நுழைந்த பிறகு

நுழைந்துவிட்டோம் என்று அப்படியே விட்டுவிடக் கூடாது. யந்திரம் ஒரு சொல்லும் செர்வர் ஒரு சொல்லுமாக இருந்தால் நாளை மீண்டும் தகராறு. இணையமோ வி.பி.என்.-ஓ கிடைத்ததும் அதை இணைத்துவிட்டு, விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டுங்கள். பிறகு புதிய சொல்லை அடித்துத் திறங்கள். அந்தக் கணமே நகல் அட்டை புதிதாகிவிடும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. டொமைன் கணக்கின் சொல்லைக் காரியாலயத்தில் இருக்கும்போதோ வி.பி.என். இயங்கும்போதோ, மடிக்கணினியிலேயே கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தி வரும் பட்டியலில் மாற்றுங்கள். மூலமும் நகலும் ஒன்றாக மாறும்.

5. கடிகாரமும் ஒரு காரணம்

காரியாலயச் செர்வர், தன் கடிகாரத்துக்கும் மடிக்கணினியின் கடிகாரத்துக்கும் வழக்கமாக 5 நிமிட வித்தியாசத்தையே பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் சரியான சொல்லையும் மறுக்கும்.

நம்மவர் இதில் சிக்குவது ஊருக்குப் போகும்போது. மலேசியா, சிங்கப்பூர் நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் இரண்டரை மணி வித்தியாசம். சென்னையில் இறங்கியதும் சிலர் கடிகாரத்தைக் கையால் இரண்டரை மணி பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அது தவறு. கைக்கடிகாரத்துக்கு அது பொருந்தும், கணினிக்குப் பொருந்தாது. கணினியில் மாற்ற வேண்டியது நேர மண்டலத்தை. நேர மண்டலத்தை மாற்றாமல் முள்ளை மட்டும் நகர்த்தினால், உலகப் பொது நேரத்தையே இரண்டரை மணி தவறாகச் சொல்லும் யந்திரமாகிவிடும். இணையமில்லாதபோது பேசாமல் திறக்கும், வி.பி.என். இணைத்துக் காரியாலயத்தை எட்டும்போது மறுக்கும். நெடுநாள் கிட்டங்கியில் கிடந்து மின்கலம் தீர்ந்த யந்திரத்திலும் தேதி பல வருஷம் பின்னுக்குப் போயிருக்கலாம். உள்நுழைவுத் திரையில் நேரமும் தேதியும் தெரியுமாகையால் முதலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

6. நீலத் திரையும் 48 இலக்கங்களும்

சில வேளைகளில் பெயர் கேட்கும் திரைக்கே போகாமல், அதற்கு முன்பாகவே நீலத் திரை தோன்றி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். இது கடவுச்சொல் அன்று. யந்திரம் களவுபோனால் அதற்குள்ளிருக்கும் கணக்கைப் பிறர் படிக்காதிருக்க, வட்டு முழுவதையும் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற காவல் அது. யந்திரத்தின் உட்பாகத்தையோ அடிப்படை அமைப்பையோ யாரேனும் தொட்டிருந்தால் சந்தேகப்பட்டு இப்படிக் கேட்கும்.

அந்த எண் ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதி. சிறு கடைகளில் அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசியிலிருந்து அக்கணக்கைத் திறந்து எடுக்கலாம். பெரிய நிலையங்களில் கணினிப் பொறுப்பாளரிடம் இருக்கும். திரையில் ஓர் அடையாளக் குறி காட்டப்படும். அதன் முதல் எட்டு எழுத்துகளைச் சேமித்த குறியோடு ஒப்பிட்டு, அதற்கு நேரான எண்ணை அடிக்க வேண்டும்.

இது எங்கோ ஒருவருக்கு நேர்வது என்று எண்ண வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பு ஒன்றினால், மைக்ரோசாஃப்ட் கணித்தபடி உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் நின்றன. அவற்றில் பலவற்றைச் சீர்செய்ய இந்த மீட்பு எண் தேவைப்பட்டது. எண்ணைத் தனியாக வைத்திருந்தவர்கள் விரைவில் மீண்டார்கள். எண்ணையும் பூட்டிய யந்திரத்திலேயே வைத்திருந்தவர்கள் தவித்தார்கள்.

ஆகவே அந்த எண்ணை ஒரு தாளில் அச்சிட்டு, கடையின் இரும்புப் பெட்டியில் வையுங்கள். மடிக்கணினிப் பையில் மட்டும் வைக்காதீர்கள். பையோடு போனால் திருடனுக்குச் சாவியையும் சேர்த்துக் கொடுத்ததாகும்.

7. செய்யத் தகாதவை

"யந்திரத்தைப் புதிதாக்கு" என்று வரும் பொத்தானை அவசரத்தில் அழுத்தாதீர்கள். கதவு திறக்கும், வீட்டில் சாமான் இராது.

டொமைனோடு "நம்பிக்கை உறவு முறிந்தது" என்ற பொருளில் செய்தி வந்தால், யந்திரத்தை டொமைனிலிருந்து விலக்கிவிடச் சிலர் யோசனை சொல்வார்கள். யந்திரத்துக்கே உரிய நிர்வாகக் கணக்கின் சொல் நமக்குத் தெரியாமல் அப்படிச் செய்தால், பிறகு எவரும் உள்ளே போக முடியாது. அவ்வேளை கம்பியைக் கழற்றி, வைஃபையை அணைத்துவிட்டுப் பழைய நகலின் துணையால் நுழைந்து பாருங்கள்; பல சமயம் திறக்கும். மீதியைப் பொறுப்பாளர் செய்யட்டும்.

முன்பின் அறியாதவரிடம் கடவுச்சொல்லைச் சொல்லாதீர்கள். "உங்கள் சொல் காலாவதியாகிறது, இங்கே அழுத்தவும்" என்று வரும் அஞ்சல்களில் வஞ்சகம் மிகுதி. மாற்ற வேண்டுமானால் நாமே கணக்கைத் திறந்து மாற்ற வேண்டும்.

ஒரே பெயரைப் பலர் பயன்படுத்தாதீர்கள். அவரவருக்கு ஒரு கணக்கு இருந்தால், யார் எதை மாற்றினார் என்ற சந்தேகமே எழாது.

8. புறப்படும் முன்

நோயைத் தீர்ப்பதினும் வராமல் காப்பதே லாபம். வெளியே போகும் முதல்நாள் மாலை கடையிலேயே ஓர் ஒத்திகை பாருங்கள். விமானப் பயண நிலையை இயக்கி இணையத்தை நிறுத்துங்கள். யந்திரத்தை அணைத்துத் தொடங்குங்கள். நாளை எடுத்துச் செல்பவர் எவரோ, அவரே தம் கையால் உள்ளே நுழையட்டும். நுழைந்ததோடு நில்லாமல் விலைப் பட்டியலையும் கணக்கையும் திறந்து பார்க்கட்டும்.

ஏனெனில் கதவு திறந்தும் சாமான் இல்லாதிருக்கலாம். ஒன்டிரைவில் வைத்த கோப்புகளில் மேக அடையாளம் மட்டும் தெரிந்தால், அவை யந்திரத்தில் இல்லை என்று பொருள். அவற்றை வலச் சொடுக்கிட்டு, "எப்போதும் இந்த யந்திரத்தில் வை" என்பதைத் தேர்ந்தால் இறங்கிவிடும். உலாவியில் மட்டும் திறக்கும் கணக்கு மென்பொருள், இணையமில்லாத இடத்தில் திறக்காது; அதன் பட்டியலை முன்பே இறக்கிக்கொள்ள வேண்டும். சந்தா முறையில் வாங்கிய எக்ஸெல் போன்றவற்றை மாதம் ஒருமுறையாவது இணையத்தோடு இணைப்பது அவசியம்.

இன்னும் மூன்று யோசனைகள்:

பயணத்துக்கு முந்திய நாளில் கடவுச்சொல்லை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமானால் அந்த மடிக்கணினியிலேயே, இணையத்தோடு மாற்றி, ஒருமுறை நுழைந்து பாருங்கள்.

யந்திரத்துக்கே உரிய நிர்வாகக் கணக்கு ஒன்றை அமைத்து, அதன் சொல்லை உறையிலிட்டு முத்திரை வைத்து இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

கைச்சிட்டைப் புத்தகத்தைக் கைவிடாதீர்கள். மூன்று நகல் எடுக்கும் அந்தப் புத்தகத்துக்கு மின்சாரமும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். அன்று படகுத்துறையில் அது ஒன்று இருந்திருந்தால் ஆறு மூட்டை அரிசி தப்பியிருக்கும்.

9. பயிற்சி வினாக்கள்

வினா 1: புதிய சிப்பந்திக்குப் பெயரும் சொல்லும் கொடுத்து, காரியாலயத்தில் ஒருமுறையும் திறக்காத மடிக்கணினியோடு கேமரன் மலைக்கு அனுப்புகிறோம். அங்கே இணையமில்லை. திறக்குமா?
விடை: திறக்காது. அவருடைய நகல் அந்த யந்திரத்தில் இல்லை.

வினா 2: நேற்றிரவு கைப்பேசியில் சொல்லை மாற்றினோம். மடிக்கணினியில் பின் எண் முன்பே உண்டு. இணையமில்லை. என்ன செய்யலாம்?
விடை: பின் எண்ணால் நுழையலாம், அல்லது பழைய சொல்லால் நுழையலாம்.

வினா 3: திரையில் வருஷம் 2015 என்று காட்டுகிறது. வி.பி.என். மூலம் காரியாலயக் கணக்கு ஏற்கவில்லை. முதலில் எதைச் சரிசெய்வது?
விடை: தேதியையும் நேரத்தையும் நேர மண்டலத்தையும்.

வினா 4: சொல் சரி, பெயர் சரி, கேப்ஸ் லாக் அணைந்திருக்கிறது. நேற்று தமிழில் கடிதம் எழுதினோம். எங்கே பார்ப்பது?
விடை: கீழ் வலது மூலையில், விசைப்பலகையின் மொழியை.

இவ்வினாக்களைக் கடைச் சிப்பந்திகளிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கு விடை தெரியாவிட்டாலும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுங்கள்.

முடிவுரை

அந்தக் கப்பல் வணிகரின் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். அன்று மாலை அவர் மடிக்கணினியை நம்மிடம் கொண்டுவந்தார். "எப்போது மாற்றினீர்கள்? எதிலிருந்து மாற்றினீர்கள்?" என்று இரண்டு கேள்விகள் கேட்டோம். "பழைய சொல்லை அடியுங்கள்" என்றோம். அடித்தார், திறந்தது. சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பிள்ளை சொன்னது அத்தனையும் சரிதானே?" என்று கேட்டார். "ஓர் எழுத்தும் மாறவில்லை" என்றோம்.

மறுநாள் காலை கடை திறந்ததும், எல்லாச் சிப்பந்திகளும் இருக்கையில், "தம்பி, நேத்து நான் பேசினது தப்பு. நீ சரியாத்தான் எழுதிக் கொடுத்தே. எனக்குத்தான் விவரம் தெரியலே" என்றார். கடை நடுவே சொன்ன வார்த்தையைக் கடை நடுவிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த இளைஞர் இன்றும் அங்கேதான் இருக்கிறார். இப்போது அவருக்குத் தனிக் கணக்கு. முதலாளிக்குத் தனிக் கணக்கு.

யந்திரம் ஒன்றை மறுக்கும்போது, அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை யந்திரத்திடம் முதலில் தேடுவோம். மனிதரிடம் பிறகு தேடலாம். இழந்த சரக்கை அடுத்த கப்பலில் ஈடு செய்யலாம். நம்பிக்கையான சிப்பந்தியை அப்படி ஈடு செய்ய முடியாது.